பழைய கம்ப்யூட்டரில் ஒரு ராத்திரி வில்லுப்பாட்டு: பதிவுக் குறிப்பு

சி-90 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். குமரி மாவட்டத்துக் கொடை விழாவில் இரவு பத்து மணி வாக்கில் காப்புப் பாடித் தொடங்கும் வில்லுப்பாட்டு, வாழி பாடி முடிய விடியக்காலம் ஆகிவிடும். அதைக் கேசட்டில் அடைக்க வேண்டுமென்றால் கதையைத்தான் வெட்ட வேண்டும். அடுத்து வந்த சிடியில் 74 நிமிடம், கூடிப்போனால் 80. புலவர் (வில்லடித்துக் கதை பாடும் தலைமைப் பாடகர்) நிதானமாக விரிக்கும் இடங்களும், அவருக்கு இரு பக்கமும் உட்காரும் வலம் பாடுபவரும் இடம் பாடுபவரும் மாறி மாறி எடுத்துக் கொடுக்கும் இடங்களும் முதலில் போயின.

கம்ப்யூட்டரும் இசையும் என்று பேச்செடுத்தால், 1983-ல் மிடி (வாத்தியங்களையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் முறை) வந்தது, 1985-ல் அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டர் அந்த மிடி சாக்கெட்டைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டு வந்தது, 1996-ல் கியூபேஸ் விஎஸ்டி மென்பொருள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மிக்ஸிங் அறையைக் கொண்டுவந்தது என்றுதான் வரிசை போகும். ஒருவர் தனியாக உட்கார்ந்து நாற்பது வாத்தியம் வாசிக்கலாம் என்பதே அந்த வரிசையின் பெருமை. வில்லுப்பாட்டுக்கு அது உதவாது. ஆறேழு பேர் ஒரே பாயில் முகம் பார்த்து உட்கார்ந்து பாடுகிற கலை இது. கம்ப்யூட்டர் இதற்குத் தரும் பெரிய உதவி நீளம். ஆறு மணி நேரத்தை வெட்டாமல், ஒவ்வொருவர் குரலையும் தனித்தனித் தடமாக (டிராக்காக) வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள வேலை முழுக்க அதற்காகத்தான்.

வேலை நடந்தது விளவங்கோடு வட்டத்தில், களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில். எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இதே கலைக்கு வில்லடிச்சான் பாட்டு என்று பெயர். வாத்தியங்களும் அதேதான் என்பதால் இந்த முறை அங்கேயும் அப்படியே பொருந்தும்.

பெட்டியைத் தயார் செய்வது

எடுத்துக்கொண்டது அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டாப்: நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். பதிவுக்கு இதைவிடப் பெரிய மெஷின் வேண்டியதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவெடுப்பு), 24 பிட்டில் ஒரு தடத்துக்கு நொடிக்கு 1,44,000 பைட். நான்கு தடம் சேர்த்தாலும் நொடிக்கு அரை எம்பிக்குச் சற்று மேல். பழைய ஹார்டு டிஸ்க்கே இதைத் தாங்கும். ஆனாலும் 240 ஜிபி எஸ்எஸ்டி மாற்றியதற்குக் காரணம் சத்தம். டிஸ்க் சுற்றும் ரீங்காரம் கண்டென்சர் மைக்கில் நன்றாகவே ஏறும். ராமை 8 ஜிபி ஆக்கியது பின்னால் மிக்ஸிங் செய்யும்போது உதவும்.

கேபினட்டைத் திறந்து பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும், பிறகு ஃபேனே புது இரைச்சலாகிவிடும். குமரிப் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்கிற இடம், ஈரம் ராம் முனைகளை மங்க வைத்துவிடும். பவர் போட்டதும் பீப் மட்டும் வந்து திரை வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பென்சில் ரப்பரால் முனைகளை மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். பிராசஸர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைச் சுரண்டித் துடைத்துவிட்டு, பச்சைப்பயறு அளவு புதிதாக வைத்தால் போதும். வெப்பம் இறங்கினால் ஃபேன் வேகம் இறங்கும், சத்தமும் இறங்கும்.

மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல்லை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது போயிருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் ஓடிவிடும். நடுராத்திரி கரண்ட் போய்ப் பாதியில் நின்ற கோப்புகளைத் தேடும்போது, எது முந்தியது எது பிந்தியது என்று தெரியாமல் தலை சுற்றும். எஸ்எம்பிஎஸ் (கரண்டை மாற்றித் தரும் பவர் பெட்டி) உள்ளே கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் அதைப் பழுது பார்க்க வேண்டாம், முழு எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றுங்கள். 230 வோல்ட்டைத் திருத்தினால் 325 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கும்.

மென்பொருளுக்கு உபுண்டு ஸ்டுடியோ என்ற இயங்குதளமும் ஆர்டோர் என்ற பதிவு மென்பொருளும். ஒலிக்கு வேண்டிய முன்னுரிமை அமைப்புகள் உபுண்டு ஸ்டுடியோவில் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும். கையால் செய்ய வேண்டியவை: வைஃபை, புளூடூத், தானியங்கி அப்டேட், ஸ்கிரீன் தூங்குவது, எல்லாவற்றையும் நிறுத்துவது, பிராசஸர் வேகத்தைப் பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வைப்பது. விண்டோஸில் செய்பவர்கள் பொதுவான டிரைவரை நம்பாமல் இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) தயாரித்தவர்களின் சொந்த ஏசியோ (தாமதம் குறைந்த ஒலி) டிரைவரைப் போட வேண்டும்.

நான்கு மைக் சாக்கெட் உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸை கேபினட்டின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். முன்பக்கத் துளைக்கு உள்ளே நீளமான மெல்லிய ஒயர் போகும், பழைய மெஷினில் அதுதான் முதலில் தளரும். பதிவு நடுவே டக் டக் என்று வெட்டு விழுவதற்கு இந்தத் துளையும் யூஎஸ்பி ஹப்பும்தான் பாதிக் காரணம்.

மீதிக் காரணம் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கை. லேட்டன்சி (ஒலி வந்து சேரும் தாமதம்) குறைய வேண்டுமென்று அதை 64-க்கும் 128-க்கும் இறக்கி, மெஷின் மூச்சு முட்டி வெட்டு விழுந்து, கடைசியில் கம்ப்யூட்டர் சரியில்லை என்று முடிவு கட்டுவது ரொம்பச் சகஜம். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.3 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21.3. பாடுபவர் தன் குரலைக் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டுப் பாடும்போதுதான் இந்தக் கணக்கு பெரிதாகும். வில்லுப்பாட்டில் யாரும் ஹெட்ஃபோன் மாட்டுவதில்லை. ஆகவே 1024-ல் வையுங்கள். கண்காணிப்பவருக்கு இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் (கம்ப்யூட்டர் வழியாகப் போகாமல் நேரே கேட்கும் வசதி) இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் பழைய மெஷின் இரவு முழுக்க ஒரு வெட்டு இல்லாமல் ஓடியது.

அறையும் குடமும்

ஒத்திகைப் பதிவு நடந்த அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், கான்கிரீட் கூரை. முதல் டேக்கிலேயே குடம் ஒவ்வொரு அடிக்கும் 'பூம்ம்' என்று இழுத்தது. ஈக்வலைசரில் குறைத்தால் குடமே செத்துவிடுகிறது, குறைக்காவிட்டால் புலவர் குரலை மூடுகிறது.

காரணத்தைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம். 28 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் போகும். 3 மீட்டர் இடைவெளி உள்ள இரு சுவர்களுக்கு நடுவே முதல் அதிர்வு 348 வகுத்தல் 6, அதாவது 58 ஹெர்ட்ஸ். இரண்டாவது 116. அகலமும் உயரமும் ஒரே அளவு என்பதால் இரண்டு திசையிலும் இதே 116 எழுந்து ஒன்றையொன்று வலுவாக்குகிறது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் குடத்தின் ஓர் அடியை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்பெக்ட்ரம் பார்த்தபோது அதன் உச்சி 118 ஹெர்ட்ஸில் இருந்தது. அறையும் குடமும் ஒரே சுருதியில் பேசிக்கொண்டிருந்தன.

எதிரொலியைக் குறைக்க நான்கு அங்குல ரப்பரைஸ்டு தென்னை நார் மெத்தைகளைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தியிருந்தோம். இந்தப் பக்கம் எளிதில் கிடைக்கிற சரக்கு, குரலுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் மெத்தையும் காற்று இடைவெளியும் சேர்ந்து 20 சென்டிமீட்டர்தான். அலைநீளத்தில் கால் பங்கு என்று பார்த்தால் 430 ஹெர்ட்ஸ் அளவுக்கு மேலேதான் அது நன்றாக உறிஞ்சும். 116-ஐ அது தொடாது.

அதற்கு மருந்து இடமாற்றம். இரண்டாவது அதிர்வுக்குச் சுவர் ஓரமும் அறையின் நடுவும் அழுத்தம் மிகுந்த இடங்கள். சுவரிலிருந்து அகலத்தில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் தள்ளிய இடத்தில் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. குடம் அறைக்கு நடுவில் இருந்தது. புரிமணையோடு (குடம் உட்காரும் வளையத்தோடு) தூக்கி, பக்கச் சுவரிலிருந்து 75 சென்டிமீட்டரில் வைத்தோம். குடத்து மைக்கின் உயரத்தையும் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் ஆக்கினோம். இழுவை போய், குடத்தின் வாயில் பத்தி (அடிக்கும் மட்டை) விழும் 'தொப்'பும் அதன் பின்னே வரும் மண்ணின் கார்வையும் தனித்தனியாகக் கேட்டன. ஈக்வலைசரைத் தொடவே தேவைப்படவில்லை. எந்த அறையானாலும் அளவுநாடாவை எடுத்து இந்தக் கணக்கை முதலில் போடுங்கள், பிளக்-இன் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

நான்கு மைக்

குடத்துக்கு ஒரு டைனமிக் மைக், வாயிலிருந்து 20–25 சென்டிமீட்டர் தூரத்தில், 45 டிகிரி சாய்த்து. வாய்க்கு நேர் மேலே வைக்கக் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் குடத்துக்குள்ளிருந்து காற்று பீறிட்டு வெளியே வரும். அது மைக்கின் தகட்டைத் தள்ளினால், 'ப' சொல்லும்போது வருமே அதே வெடிப்பு, ஆனால் இரவு முழுக்க ஆயிரக்கணக்கான தடவை.

புலவருக்கு இன்னொரு டைனமிக், கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தை அதிகம் எடுக்கும்) வகை. சிக்கல் என்னவென்றால், அவர் வீசுகோலால் அடிக்கும் வில்லும் அதில் கட்டிய மணிகளும் அவர் முகத்துக்கு அரை மீட்டர் தூரத்தில் இருக்கின்றன. மைக்கை மேலேயிருந்து தொங்கவிட்டால் அது வாயையும் மணிகளையும் சேர்த்தே பார்க்கும். கீழேயிருந்து, நெஞ்சு உயரத்தில் வைத்து, வாயை நோக்கி மேலே பார்க்கும்படி சாய்த்தால், மைக்கின் வால்பக்கம் மணிகளைப் பார்க்கும். கார்டியாய்டு மைக்குக்கு வால்பக்கம்தான் காது மந்தம். தூரம் 12–15 சென்டிமீட்டர். பாப் ஃபில்டருக்கு எம்பிராய்டரி வளையத்தில் நைலான் ஸ்டாக்கிங் இழுத்து மாட்டினாலே போதும்.

மூன்றாவதும் நான்காவதும் சிறிய கண்டென்சர் மைக்குகள், அணிக்கு முன்னால். ஒன்று வலம் பாடுபவரையும் உடுக்கையையும், மற்றது இடம் பாடுபவரையும் ஆர்மோனியத்தையும் எடுக்கும். மைக் ஒயர் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் இந்த இரண்டுக்கும் மட்டும். மழைக்காலத்தில் கண்டென்சர் மைக்கில் 'பொரபொர' என்று பொரிகிற சத்தம் வந்தால் அது பெரும்பாலும் ஈரம்தான். காற்றுப் புகாத டப்பாவில் நீல சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். ஜெல் மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் சூடாக்கி மறுபடி நீலமாக்கிக்கொள்ளலாம்.

இனி ஜால்ரா. இந்த முழு வேலையிலும் அதிகம் தொல்லை கொடுத்தது இதுதான். இரண்டு சின்ன வெண்கலத் தட்டு, ஆனால் நான்கு மைக்கிலும் ஏறி உட்கார்ந்துவிடும். புலவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் ஜால்ராவும் கூடவே உயரும். ஏறிவிட்ட ஜால்ராவைப் பிறகு எந்த மென்பொருளாலும் குரலுக்குக் காயம் இல்லாமல் பிரித்தெடுக்க முடியாது. அதனால் தாளம் போடுபவரை வரிசையிலிருந்து எழுப்பி, அணிக்கு எதிரே, கண்டென்சர் மைக்குகளின் முதுகுப் பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார வைத்தோம். எல்லோருக்கும் அவர் கை தெரிகிறது, அவருக்கும் புலவர் முகம் தெரிகிறது. அவருக்கென்று தனி மைக் வேண்டவே வேண்டாம். மற்ற மைக்குகளில் கசிந்து வருவதே போதிய அளவு. கோவில் மேடையில் இப்படி எதிரே உட்கார வைக்க முடியாது. அங்கே வரிசையின் கடைக்கோடிதான் அவருக்கு இடம்.

குடத்து மைக்குக்கும் முன்னால் இருக்கும் கண்டென்சருக்கும் குடத்திலிருந்து தூர வித்தியாசம் ஒன்றரை மீட்டர் என்றால், ஒரே அடி 4.3 மில்லிசெகண்ட் தாமதமாக இரண்டாம் முறை பதிவாகும். 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 207 சாம்பிள். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது குடம் மெலிந்து, டப்பா தட்டுவதுபோல் கேட்டால் இதுதான் காரணம். பதிவு தொடங்குமுன் குடத்தின் பக்கத்தில் கட்டையால் ஒரே ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். அந்த ஒற்றை முள்ளைப் பெரிதாக்கிப் பார்த்து, குடத்துத் தடத்தை அவ்வளவு சாம்பிள் பின்னுக்குத் தள்ளினால் கார்வை திரும்பி வரும். பிறகு அந்தத் தடத்தின் பொலாரிட்டி (அலையைத் தலைகீழாக்கும்) பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் குடம் நிறைவாகக் கேட்கிறதோ அதுதான் சரி.

கெயின் (மைக் ஒலியை ஏற்றும் அளவு) வைக்கும்போது ஒத்திகைச் சத்தத்தை நம்பக் கூடாது. சாமி வரும் நேரத்து வரத்துப் பாட்டில் அணி முழுவதும் ஒரே வேகத்தில் ஏறும், உடுக்கை முறுகும். ஒத்திகையில் மீட்டரின் உச்சம் மைனஸ் 18 டெசிபெலில் நின்றால் அந்த நேரத்துக்கு இடம் இருக்கும். 24 பிட்டில் அடிமட்ட இரைச்சல் மிகவும் கீழே என்பதால் மெதுவாகப் பதிந்தாலும் நட்டம் கிடையாது. மேலே முட்டிச் சிதைந்தால் அந்த அடி திரும்ப வராது.

கோவிலில் கரண்ட்

கொடை நடக்கும் இடத்தில் ஒரே லைனில் மைக்செட், சீரியல் செட், டியூப்லைட், நேரத்துக்கு ஜெனரேட்டர். கம்ப்யூட்டர், மானிட்டர், இன்டர்ஃபேஸ் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில், ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள். வெவ்வேறு சாக்கெட்டில் எடுத்தால் எர்த் இரண்டு வழியாக வந்து சுற்றாகிவிடும். 50, 100, 150 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று உறுமும். உறுமல் நிற்க எர்த் பின்னை உடைத்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆள் உட்கார்ந்து மைக் பிடிக்கிற இடம் அது. உயிர் போகும். செய்யவே கூடாது.

மைக்செட்காரர்களிடமிருந்து ஒரு லைன் வாங்குவதானால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (இரண்டு கருவிக்கு நடுவே வைக்கும் இணைப்புப் பெட்டி) வழியாகவே வாங்குங்கள், சுற்று அங்கேயே அறுந்துவிடும். கீபோர்டு இருந்தால் அதற்கும் அதே. மைக் ஒயரும் கரண்ட் ஒயரும் சேர்ந்தே ஓடக் கூடாது, தாண்டியாக வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டட்டும்.

600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, கணக்குப்படி 84 வாட்-மணி. மானிட்டர் அணைந்த நிலையில் மெஷின் 60–70 வாட் எடுத்தால், நல்ல பேட்டரி அரை மணி நேரத்துக்குப் பக்கமாகத் தாங்கும். ஜெனரேட்டர் எடுக்க அது தாராளம். பேட்டரியில் ஓடும்போது இந்தச் சின்ன யூபிஎஸ்கள் தருவது படிப்படியான அலை, அதனால் அந்த ஒன்றிரண்டு நிமிடம் மெல்லிய 'ஜ்ஜ்' சத்தம் ஏறலாம். பாட்டு நின்றுபோவதைவிட அது மேல். இடி இடித்தால் மட்டும் வேறு பேச்சில்லை: பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

இரவு பத்திலிருந்து நாலு வரை ஆறு மணி நேரம், நான்கு தடம், 24 பிட் என்றால் 12.4 ஜிபி. ஆர்டோர் 32 பிட் ஃப்ளோட்டில் எழுதினால் 16.6 ஜிபி. எஸ்எஸ்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கவனிக்க வேண்டியது சாதாரண வேவ் கோப்பின் 4 ஜிபி எல்லை. 24 பிட் மோனோ தடம் எட்டே கால் மணி நேரம் தாங்கும். அதையே ஸ்டீரியோவாகப் பதிந்தால் நாலு மணி நேரத்தில் முட்டும். நான்கு தடத்தையும் ஒரே கோப்பில் போட்டால் இரண்டு மணி நேரம்தான். ஒவ்வொரு மைக்கும் தனி மோனோ தடமாக இருக்கட்டும். இல்லையென்றால் கோப்பு வகையை, இந்த எல்லை இல்லாத ஆர்எஃப்64 ஆக்குங்கள்.

கரண்ட் போய் நின்ற கோப்பை மீட்பது

யூபிஎஸ் ஒயரை யாரோ காலால் தட்டிவிட, பதிவு பாதியில் செத்தது. திறந்து பார்த்தால் கோப்பு 900 எம்பி இருக்கிறது, நீளம் மட்டும் 0 நொடி என்கிறது. பயப்படாதீர்கள், பாட்டு உள்ளேயே இருக்கிறது. வேவ் கோப்பின் தலைப்பில் (ஹெடர் எனப்படும் தொடக்கப் பகுதியில்) மொத்த நீளம் கடைசியில்தான் எழுதப்படும், அதற்குள் கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான்.

முதலில் கோப்பை நகல் எடுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். ஆடாசிட்டியில் 'ரா டேட்டா' இறக்குமதியைத் திறந்து, 24 பிட் சைன்ட், லிட்டில் எண்டியன், மோனோ, 48000 என்று கொடுங்கள். ஆர்டோர் ஃப்ளோட்டில் எழுதியிருந்தால் 32 பிட் ஃப்ளோட். தொடக்க ஆஃப்செட்டுக்கு (எத்தனை பைட் தாண்டிப் படிக்க வேண்டும் என்பதற்கு) சாதாரண வேவில் 44 பைட். பிராட்காஸ்ட் வேவில் தலைப்பு இன்னும் நீளம்.

இறக்கியதும் பாட்டுக்குப் பதில் காது கிழியும் இரைச்சல் வந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். 24 பிட்டில் ஒரு சாம்பிள் மூன்று பைட். தொடக்கம் ஒரு பைட் தவறினாலும் ஒவ்வொரு சாம்பிளும் பக்கத்துச் சாம்பிளின் பைட்டோடு சேர்ந்து படிக்கப்பட்டு, முழுக்க இரைச்சலாகிவிடும். ஆஃப்செட்டை ஒன்று கூட்டிப் பாருங்கள், இல்லையென்றால் இன்னொன்று. மூன்று முயற்சிக்குள் ஒன்று கட்டாயம் பாடும். தலைப்பு நீளம் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அது தொடக்கத்தில் ஒரு 'கிர்க்' சத்தமாக மட்டும் வரும், வெட்டி எறியலாம். ஹெட்ஃபோனைக் கழற்றி, ஸ்பீக்கரை மிகவும் தாழ்த்தி வைத்துத்தான் இந்தச் சோதனை. நான்கு தடங்களும் இப்படித்தான் முழுசாகத் திரும்பி வந்தன.

கட்டையும் காலமும்

புலவர் பாடியது நாலரைக் கட்டை. கீபோர்டுக் கணக்கில் எஃப் ஷார்ப், 370 ஹெர்ட்ஸ். ஆனால் அந்த அணியின் பழைய ஆர்மோனியத்தை டியூனரில் பார்த்தபோது ஸட்ஜம் 374 காட்டியது, சுமார் 19 சென்ட் (அரைச்சுருதியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல். பிற்பாடு ஒரு தம்பூராச் சுருதியைச் சேர்க்கலாம் என்று கம்ப்யூட்டரில் இயல்பான அளவில் போட்டால், இரண்டும் உரசி நொடிக்கு நான்கு முறை அலையடித்தது. ஆர்மோனியத்தையோ பாட்டையோ இழுக்கக் கூடாது. மென்பொருளில் ஏ-வின் அளவு 440 என்று இருப்பதை 444.8 ஆக்கினால் சேர்ந்துவிடும். அணியின் சுருதிக்குக் கம்ப்யூட்டர்தான் இறங்கிவர வேண்டும்.

காலத்திலும் அப்படியே. கிளிக் டிராக் (காலம் காட்ட ஹெட்ஃபோனில் ஒலிக்கும் 'டிக் டிக்') போட்டு ஒருமுறை முயன்றபோது, "இது காதுல கேட்டா கை நடக்காது மக்கா" என்று புலவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அலைவடிவத்தைப் பார்த்தால் அவர் சொன்னதன் நியாயம் தெரியும். கதை சொல்லும் இடத்தில் காலம் தளர்ந்து நடக்கிறது, வரத்துப் பாட்டில் சீராக ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஏற்றத்தில்தான் சாமியாடி எழும்புகிறார். அதைக் கட்டத்துக்குள் இழுத்து அடுக்கும் குவான்டைஸ் வேலை அந்த ஏற்றத்தையே அழித்துவிடும். சுருதி திருத்தும் பிளக்-இன்னும் இதே மாதிரிதான். அது புலவரின் இழுப்பைப் பிசகு என்று எண்ணிப் படிக்கட்டு ஆக்கிவிடும். ஒரு இடம் உண்மையிலேயே தவறியிருந்தால் அந்த அடியைத் திரும்பப் பாடச் சொல்லி ஒட்டுங்கள்.

ஒட்டும் இடம் எப்போதும் குடத்தின் அடி. அடி விழுவதற்கு 5 மில்லிசெகண்ட் முன்னால் வெட்டி, அந்த 5 மில்லிசெகண்டில் கிராஸ்ஃபேடு (ஒன்று தேய, மற்றது ஏறும் இணைப்பு) கொடுத்தால், விழும் அடி ஒட்டை மறைத்துவிடும். பாட்டு வரியின் நடுவிலோ மூச்சிலோ வெட்டினால் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் காது பிடித்துவிடும். வரத்துப் பாட்டில் மட்டும் ஒட்டு வேலை ஆகாது. காலம் ஏறிக்கொண்டே இருப்பதால் வேறொரு டேக்கின் துண்டு அங்கே நிற்காது. அந்தப் பகுதியை ஒரே மூச்சில் எடுத்தாக வேண்டும்.

மிக்ஸ், அட்டைப்படம், பென்டிரைவ்

மிக்ஸிங்கில் சொல்ல அதிகம் இல்லை. புலவர் நடுவில், வலம் பாடுபவர் வலப்பக்கம், இடம் பாடுபவர் இடப்பக்கம். உட்கார்ந்த வரிசையே ஸ்டீரியோ. எதிரொலி சேர்ப்பதைத் தவிருங்கள், ஆறு மணி நேரக் கதையில் சொல் புரிவதுதான் முக்கியம். யூடியூபுக்கு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல். அதைவிடச் சத்தமாக ஏற்றினால் அவர்களே குறைத்துவிடுவார்கள், நசுங்கிய ஒலி மட்டும் மிஞ்சும்.

கோவில் குழாய் ஸ்பீக்கருக்கு வேறு மிக்ஸ் வேண்டும். அதில் 118 ஹெர்ட்ஸ் வெளியே வரவே வராது, வீட்டில் நிறைவாகக் கேட்ட குடம் அங்கே காணாமல் போகும். மோனோவாக்கி, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, குடத்தில் 400-லிருந்து 800 வரை 4 டெசிபெல் தூக்கினால் பத்தி விழும் சத்தமாவது குழாயில் வரும். செல்போன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட அந்த நிலை தெரிந்துவிடும்.

அட்டைப்படத்துக்கு ஊர் ஓவியர் ஒருவர் காகிதத்தில் வரைந்த வில்லும் குடமும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஜிம்பில் லெவல்ஸ் மட்டும் திருத்தி, 3000-க்கு 3000 பிக்சலாக வெட்டியது. தூரிகைத் தடம் தெரியட்டும் என்று வேறெதையும் தொடவில்லை. எழுத்து தமிழிலும் மலையாளத்திலும். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் பழைய போட்டோஷாப் இருந்தால் 'கொ' உடைந்து, ஒற்றைக்கொம்பும் காலும் ககரத்தின் ஒரே பக்கமாகப் போய் நிற்கும். கூட்டெழுத்து மலையாளத்தில் இன்னும் மோசம். இன்க்ஸ்கேப்பில் எழுத்தைப் பாத் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் எந்தக் கடையிலும் உடையாது. மாற்றுமுன் எழுத்தாகவே ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள், பிழை திருத்த அது வேண்டும்.

பாடியவர்களுக்குக் கொடுத்தது பென்டிரைவில். ஃபேட்32 ஃபார்மேட், 192 கேபிபிஎஸ் எம்பி3, அரை மணி நேரத்துக்கு ஒரு கோப்பு, மொத்தம் பன்னிரண்டு. பெயர் 01, 02 என்று வெறும் எண். ஆட்டோவிலும் டீக்கடையிலும் உள்ள பல பிளேயர்கள் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும். அதோடு, அவற்றில் சில பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். பன்னிரண்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டால் வாழி முதலில் வந்து காப்பு நடுவில் வரலாம். புதிதாக ஃபார்மேட் செய்து, 01-லிருந்து ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள்.